ஒன்பதரை மணிக்கு மேல் எங்கள் பிள்ளைகள் எங்கே உட்கார வேண்டும்?

எங்கள் நகரின் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சமுதாயக் கூடத்துச் சுவரிலும் மூன்று நுழைவாயில்களிலும் நீங்கள் ஒட்டியிருக்கும் தீர்மானத்தைப் படித்தேன். பதினெட்டு வயது நிறையாத ஆண் பிள்ளைகள் இரவு 9:30 மணிக்கு மேலும், பெண் பிள்ளைகள் 8 மணிக்கு மேலும் பெற்றோர் துணையில்லாமல் தெருவில் நிற்கவோ உட்காரவோ கூடாது என்கிறீர்கள். முதல் முறை பிடிபட்டால் பெற்றோர் உறுதிமொழிக் கடிதம் எழுதித் தர வேண்டும். இரண்டாம் முறை 500 ரூபாய் அபராதம். மூன்றாம் முறை வீட்டு உரிமையாளருக்குத் தகவல். சொந்த வீட்டுக்காரருக்கு இந்த மூன்றாவது தண்டனை ஒட்டவே ஒட்டாது. வாடகைக்கு இருப்பவருக்கு அது வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்குச் சமம். கடைசி வரியில் 'பிள்ளைகளைக் கண்டித்து வளர்ப்பது பெற்றோரின் தலையாய கடமை' என்று தடித்த எழுத்தில் ஓர் உபதேசம் வேறு.

இந்தத் தீர்மானத்தை நான் ஏற்கவில்லை. நேரில் வந்து சொல்லிப் பார்த்தேன். 'பெரும்பான்மை முடிவு அம்மா, இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று செயலாளர் ஐயா வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார். என் மகனின் படத்தை முந்நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகு என் பதிலை மட்டும் நான் ஏன் மெல்லச் சொல்ல வேண்டும்? அதனால்தான் இந்தத் திறந்த மடல். தீர்மானத்தை நடைமுறைப்படுத்த உங்களுக்கு ரோந்து வண்டி அனுப்பிக் கொடுத்த காவல் ஆய்வாளருக்கும் ஒரு நகல் போகிறது.

அன்று நடந்ததைக் குழுவில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்: 'இரவில் சுற்றித் திரிந்த சிறுவர்கள் பிடிபட்டனர்.' யாரும் எங்கும் சுற்றித் திரியவில்லை. மூடியிருந்த பால் பூத்துக்கு முன்னால் இருக்கும் சிமெண்ட் திண்ணையில் ஐந்து பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். மணி பத்துக்குச் சற்று முன்னால். என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். மறுநாள் ஒப்படைக்க வேண்டிய இயற்பியல் ரெக்கார்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, தெருவிளக்கு வெளிச்சத்தில் படம் வரைந்துகொண்டிருந்தான். பக்கத்தில் இரண்டு பேர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது பையன் கையில் டிபன் கேரியர். அவன் அப்பா சரக்கு வண்டி ஓட்டுகிறார்; கோயம்பேட்டுக்குப் போகும் வழியில் முனையில் நிறுத்தி, மகனிடம் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போவார். ஐந்தாவது பையன் சும்மாதான் உட்கார்ந்திருந்தான். சும்மா உட்கார்ந்திருப்பது குற்றமில்லை என்பதால் அவனுக்காகக் காரணம் எதையும் நான் தேடவில்லை.

ரோந்து வண்டி வந்தது. ஐவரையும் ஏற்றிக்கொண்டு போய், காவல் நிலைய வாசல் படிக்கட்டுக்குப் பக்கத்தில் தரையில் வரிசையாக உட்கார வைத்தார்கள். டிபன் கேரியரும் கூடவே போனது. சரக்கு வண்டிக்காரர் முனையில் நிறுத்தி, ஹாரன் அடித்து, போன் போட்டு, பிள்ளையைக் காணாமல் தெருத் தெருவாக அலைந்திருக்கிறார். எனக்கு அன்று இரவுப் பணி. வார்டில் இருக்கும்போது எங்கள் போன்கள் லாக்கரில் இருக்கும் என்பதால் வந்த அழைப்பு எதையும் நான் பார்க்கவில்லை. என் கணவர் கோயம்பேட்டில் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறார்; லாரி இறங்கும் நேரத்தில் அந்த இரைச்சலில் போன் காதில் விழாது. கடைசியில் எழுபது வயதைக் கடந்த என் மாமியார், முழங்கால் வலியோடு ஆட்டோ பிடித்துப் போய், படிக்கத் தெரியாத ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்துப் பேரனை அழைத்து வந்தார். வீடு வந்து சேரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. விடிவதற்குள் படம் குழுவுக்கு வந்துவிட்டது. அதன் கீழே பதினேழு கைதட்டல் பொம்மைகள்.

நான் நர்ஸ். சட்டம் படித்தவள் அல்ல. ஆனாலும் இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். நீங்களும் படித்திருக்கலாம்.

சென்னையில் சிறுவர்கள் இரவில் வெளியே வரக் கூடாது என்று ஒரு சட்டம் கிடையாது. ஓரிடத்தில் ஆட்கள் கூடுவதைத் தடுக்க வேண்டும் என்றால், 2024 ஜூலை முதல் பழைய 144-க்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-ஆம் பிரிவு இருக்கிறது. அதன்படி ஆணை பிறப்பிக்கச் சட்டப்படி அதிகாரம் பெற்ற நடுவர் வேண்டும். அவரும் காரணத்தை எழுத்தில் சொல்லியாக வேண்டும். சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் அது செல்லாது. உங்கள் தீர்மானத்தில் முடிவு தேதியே இல்லை. நம் சங்கமோ 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம். அதன் துணை விதிகள் உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும், சரி. நாங்கள் உறுப்பினர்களே இல்லையே! வாடகைக்காரருக்கு ஓட்டு இல்லை என்று துணை விதியில் எழுதி வைத்திருப்பவர்கள் நீங்கள்தான். ஓட்டுக்கு ஆகாதவர்கள் அபராதத்துக்கு மட்டும் எப்படி ஆகிறோம்? தெருவும் உங்களுடையது அல்ல; மாநகராட்சியுடையது.

பெற்றோருக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் சட்டத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்றும் பார்த்தேன். இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 18-ஆம் பிரிவு. சிறுவன் ஒரு குற்றம் செய்தான் என்று இளைஞர் நீதிக் குழுமம் விசாரித்து முடிவு செய்த பிறகு, அவனையோ பெற்றோரையோ அபராதம் கட்டச் சொல்லலாம். அதே பிரிவில் அதற்கு முன்னால் என்ன இருக்கிறது தெரியுமா? அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்புவது, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் கவுன்சலிங் தருவது. குற்றமே நிரூபணமான சிறுவனுக்கே சட்டம் இத்தனை பொறுமை காட்டுகிறது. திண்ணையில் உட்கார்ந்த பையனுக்கு உங்களிடம் அதில் கால்வாசிகூட இல்லை.

ஆய்வாளர் ஐயாவுக்கு இதே சட்டத்திலிருந்து இரண்டு விஷயம். 107-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் தகுதிக்குக் குறையாத ஒருவர் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக இருக்க வேண்டும். சிறுவர் தொடர்பானவற்றை அவர்தான் கையாள வேண்டும். அன்றிரவு அவர் யார் என்று என் மாமியாருக்கு ஒருவரும் சொல்லவில்லை. இரண்டாவது, அந்தச் சட்டத்துக்கான 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள், குற்றம் சாட்டப்பட்ட சிறுவனிடம்கூட எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது என்கின்றன. எங்கள் பிள்ளைகள் ஐவரும் 'இனி இப்படிச் செய்ய மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்கள். எப்படிச் செய்ய மாட்டார்கள்? உட்கார மாட்டார்களா?

படம் போட்டவருக்கு அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு. விசாரணைக்கு உள்ளாகும் சிறுவனின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றத்தில் சிக்கிய பிள்ளைக்கே இந்தக் காப்பு உண்டு என்னும்போது, ஒன்றுமே செய்யாத பிள்ளைகளின் முகத்தை எந்த நியாயத்தில் ஊருக்குக் காட்டினீர்கள்?

'கொரோனா காலத்தில் இரவு ஊரடங்கு போடவில்லையா' என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டாராம். போட்டார்கள். 2021 ஏப்ரல் 20 முதல் இரவு பத்து மணியிலிருந்து காலை நான்கு மணி வரை. பிறகு 2022 ஜனவரி 6 முதலும் போட்டார்கள். அந்த இரவுகளில் வேலைக்குப் போய் வந்தவள் நான். மருத்துவமனை அடையாள அட்டையைக் காட்டினால் தடுப்பைத் திறந்து விடுவார்கள். பால் வண்டிக்கும் விலக்கு இருந்தது. கொள்ளை நோய்க்குப் போட்ட ஊரடங்கிலேயே விலக்கு இருந்தது. உங்கள் தாளில் ஒரு விலக்குக்கூட இல்லை. ரம்ஜான் மாதத்தில் தராவீஹ் தொழுகை முடிந்து திரும்பும் பையன் என்ன செய்வான்? கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகும் பையன்? நம் நகரின் ஆடிமாதக் கூழ்த் திருவிழாவில் நள்ளிரவு வரை பந்தல் வேலையைப் பார்ப்பவர்களே இந்தப் பையன்கள்தாம். நீங்கள் நன்கொடை ரசீதோடு வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

உங்கள் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. மூன்றாவது தெருவில் செயின் பறிப்பு நடந்தது உண்மை. பம்ப் அறைக்குப் பின்னால் கஞ்சா வாடை வருவதும் உண்மை. சனிக்கிழமை இரவுகளில் பைக் பறக்கும் சத்தத்தில் நானே விழித்துக்கொண்டிருக்கிறேன். இவற்றைத் தடுக்க வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் செயின் பறித்தவர்கள் வெளியிலிருந்து வண்டியில் வந்த பெரிய ஆட்கள் என்று கேமராப் பதிவைப் பார்த்து நீங்களே சொன்னீர்கள். கஞ்சா விற்பவனும் பதினெட்டைத் தாண்டியவன்தான். பள்ளிக்கு எதிர்க் கடையில் சீருடைப் பையன்களுக்குச் சில்லறையாக சிகரெட் விற்பது மாலை நாலரை மணிக்கு, பட்டப்பகலில். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கும், பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள்ளும் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தக் கடைக்காரர் நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு விளம்பரம் தருகிறவர். அவரைப் பற்றித் தீர்மானம் வரவில்லை.

பைக் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெற்றோர் பொறுப்பு என்று நீங்கள் தடித்த எழுத்தில் எழுதியது உண்மையில் பொருந்துகிற இடம் அதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பதினெட்டு வயது ஆகாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளி ஆவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க வேண்டிய கவனத்தோடுதான் இருந்தேன் என்று பெற்றோர் நிரூபித்தால் மட்டுமே தப்பலாம். இதைவிடக் கடுமையாகப் பெற்றோரைப் பொறுப்பாக்கும் சட்டம் எங்கே கிடைக்கும்? சனிக்கிழமை பறக்கும் பைக்குகள் எந்தக் கார் நிறுத்தத்திலிருந்து இறங்கி வருகின்றன என்பது கூர்க்காவுக்குத் தெரியும். ஒவ்வொரு வண்டியிலும் சங்கத்தின் ஸ்டிக்கர் இருக்கிறது. ஸ்டிக்கர் எண்ணும் வீட்டு எண்ணும் இருக்கும் பதிவேடு பொருளாளரின் அலமாரியில் இருக்கிறது. அவை முன் தெருக்களின் வீடுகள். எங்கள் சந்தில் பிள்ளைகளுக்கு ஓட்டக் கொடுக்க அப்படி ஒரு வண்டி கிடையாது. கடுகு போன இடத்தை ஆராய்ந்துகொண்டு, பூசணிக்காய் போன இடத்தைப் பார்க்காமல் இருக்கிறீர்கள்.

அடுத்தது சமுதாயக் கூடம். அதை முகூர்த்த நாட்களில் வாடகைக்கு விடுகிறீர்கள். வரவேற்பு முடிந்து கடைசிப் பந்தி எழும்போது பதினொன்றாகிவிடும். இலை எடுப்பதும், ரசம் வாளியோடு ஓடுவதும் யார் என்று ஒருநாள் நின்று பாருங்கள். மீசை அரும்பாத பையன்கள். சமையல் ஒப்பந்தக்காரர் வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறார். பதினான்கு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட வளரிளம் பருவத்தினரை இரவு ஏழு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை வேலை வாங்கக் கூடாது என்கிறது குழந்தைத் தொழிலாளர் சட்டம். போன மாசி மாதம், அவர்களில் ஒருவன் பாத்திரம் கழுவும் இடத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். கையில் கரண்டி அப்படியே இருந்தது. கூடத்துக்குள் வேலை செய்தால் பதினொரு மணியும் நேரம்தான். கூடத்துக்கு வெளியே உட்கார்ந்தால் ஒன்பதரையே நேரங்கெட்ட நேரம் என்ற கணக்கு எனக்குப் புரியவில்லை.

இப்போது எங்கள் வீடுகளைப் பற்றி. உங்களில் பலர் பத்து வருடமாக எங்கள் சந்துக்குள் வந்ததில்லை. பெரும்பாலும் ஒரே அறை, அதன் ஓரத்தில் சமையல் மேடை. கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில்தான் இறக்கும். கத்திரி வெயில் நாட்களில் பதினோரு மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது. ஒன்பது மணிக்கு என் மாமியார் படுத்தாக வேண்டும். காலையில் மாத்திரைக்கு எழ வேண்டும். சின்னவள் நாலாம் வகுப்பு, விளக்கு எரிந்தால் தூங்க மாட்டாள். ஆகவே பெரியவன் ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு தெருவிளக்குக்குப் போகிறான். மொட்டை மாடிக்குப் போகலாமே என்பீர்கள். மாடிக் கதவை வீட்டுக்காரர் எட்டரைக்கே பூட்டிவிடுகிறார். பூங்காவையும் எட்டு மணிக்குப் பூட்டுகிறார்கள். முன் தெருவின் ஷட்டில் கோர்ட்டில் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் நல்ல இடம்தான். பள்ளியும் டியூஷனும் முடித்துவிட்டு அங்கே போய்ச் சேரும்போது மூடும் நேரமாகிவிடும். தீர்மானத்தில் கையெழுத்திட்ட பதினோரு பேர் வீட்டிலும் பிள்ளைக்குத் தனி அறையும் ஏசியும் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். பொறாமையால் சொல்லவில்லை. பால்கனியில் உட்கார்ந்து படிக்கும் உங்கள் பேரன் காற்று வாங்குகிறான், திண்ணையில் உட்கார்ந்து படிக்கும் என் மகன் சுற்றித் திரிகிறான் என்று நீங்கள் பிரிப்பதைத்தான் சொல்கிறேன்.

பெற்றோர் வீட்டில் இல்லாதது பொறுப்பின்மை என்கிறீர்கள். 1996-ல் கொத்தவால்சாவடியிலிருந்து மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்கு வந்த நாள் முதல் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பாதி அதை நம்பித்தான் இருக்கின்றன. ஓசூரிலிருந்தும் கோலாரிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் லாரிகள் இரவில்தான் வந்து சேரும். சுமை இறக்குபவர், கணக்கெழுதுபவர், தரம் பிரிக்கும் பெண்கள், டீ ஆற்றுபவர் என்று அத்தனை பேரும் இரவில் விழித்திருப்பதால்தான் காலை ஆறரைக்கு நம் முனைக் கடையில் உங்களுக்குப் பச்சைக் கொத்தமல்லி கிடைக்கிறது. உங்கள் வாயிற்காவலருக்கும் பதினைந்து வயதில் ஒரு மகன் இருக்கிறான். உங்கள் வாசலைக் காப்பதற்காகத்தான் அவர் தன் மகனுடன் இரவில் இருக்க முடியவில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் இரவு முழுவதும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் அரசே அனுமதி கொடுத்தது. அந்தக் கடைகளில் இரவில் நிற்பவர்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

நான் பொறுப்பில்லாதவள் அல்ல. என் மகன் யாரோடு பழகுகிறான், அந்தப் பையனின் அம்மா போன் எண் என்ன, யாருக்கு எந்தப் பாடத்தில் மதிப்பெண் குறைகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பத்தரைக்கு வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி, மாமியார் கண்காணிப்பார். அந்த நேரத்தை நிர்ணயிக்கும் உரிமை எனக்கும் என் கணவருக்கும் உரியது. அதைச் சங்கத்துக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு எட்டு மணி என்று எழுதியவர் யாரோ, அவர் வீட்டில் பத்தாம் வகுப்புப் பெண் இல்லை என்று நினைக்கிறேன். டியூஷன் முடிவதே எட்டரைக்கு. 2022-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி விடுதி மாணவியர் 9:30 மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது, பெண்களை மட்டும் ஏன் பூட்டி வைக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் கேட்டது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. மதியப் பணி முடிந்து ஒன்பதரைக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கி, விளக்கு விட்டு விட்டு எரியும் அந்தத் தெருவில் நடந்து வருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். பால் பூத்துத் திண்ணையில் நாலு பையன்கள் இருந்தால் எனக்கு நிம்மதி. 'அக்கா, இன்றைக்கு லேட்டா?' என்று ஒரு குரல் வரும். திண்ணையை நீங்கள் காலி செய்த பிறகு, அந்தத் தெருவில் நாய்களும் நானும் மட்டும்தான். முந்தாநாள் யாரோ ஒருவன் வண்டியை மெதுவாக்கி என் பக்கத்தில் உருட்டிக்கொண்டே வந்தான். திரும்பிப் பார்க்க ஒரு முகமும் இல்லை.

'வெளிநாடுகளில் எல்லாம் பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கிறது' என்று குழுவில் ஒரு செய்தி சுற்றியது. இருக்கிறது. ஐஸ்லாந்தில் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு எட்டு மணிக்கு மேலும், 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் பத்து மணிக்கு மேலும் பெரியவர் துணையின்றி வெளியே இருக்கக் கூடாது. கோடையில் இரண்டு மணி நேரம் கூடுதல். அங்கே 15, 16 வயதினரில் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையானதாகச் சொன்னவர்கள் 1998-ல் 42 சதவீதம். 2016-ல் 5 சதவீதம். இதுவரை செய்தியில் இருந்தது. அதில் இல்லாததை நான் சொல்கிறேன். அந்த நாடு பிள்ளைகளுக்கு விளையாட்டு, இசை, நடன வகுப்புகளைப் பெருக்கியது. தலைநகர் ரேக்யவிக் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் அந்த வகுப்புகளுக்கான பணத்தை அட்டையாகக் கொடுத்தது. பெற்றோர் சேர்ந்து மாலையில் தெருவில் நடந்து வந்தார்கள். போலீஸ் வண்டியை மட்டும் அனுப்பிவிட்டு அவர்கள் வீட்டுக்குள் இருந்துவிடவில்லை. நேரத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு மற்றதை எல்லாம் விட்டுவிட்டீர்கள்.

அமெரிக்காவில் நேரக் கட்டுப்பாட்டை மட்டும் போட்டுப் பார்த்த நகரங்கள் ஏராளம். அதைப் பற்றிய பன்னிரண்டு ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2016-ல் கேம்பல் கூட்டமைப்பு என்ற ஆய்வு மதிப்பீட்டு அமைப்பு பரிசீலித்தது. குற்றம் குறைந்ததற்கு அடையாளம் இல்லை என்பதுதான் முடிவு. டெக்சஸ் மாநிலம், நகராட்சிகள் சிறுவர்களுக்கு இப்படித் தடை போடுவதையே 2023-ல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டது.

இனி நான் கேட்பவை.

தீர்மானத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். ஒட்டிய அதே நான்கு இடங்களிலும் அந்த அறிவிப்பையும் ஒட்டுங்கள். வாங்கிய அபராதம் இரண்டு குடும்பங்களுடையது. அதை ரசீதோடு திருப்பிக் கொடுங்கள். குழுவில் போட்ட படத்தை நீக்குங்கள். அதை வேறு எங்கும் அனுப்ப வேண்டாம் என்று அதே குழுவில் செயலாளர் பெயரில் எழுதுங்கள். ஐந்து பிள்ளைகளிடமும் நேரில் வருத்தம் தெரிவியுங்கள். இதில் எனக்குப் பேரம் கிடையாது.

ஆய்வாளர் ஐயா, எங்கள் பிள்ளைகளும் என் மாமியாரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த காகிதங்களைத் திருப்பிக் கொடுங்கள். குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார், அவர் எண் என்ன என்பதைக் காவல் நிலைய வாசலிலும் எங்கள் அறிவிப்புப் பலகையிலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பக்கத்தில் எழுதுங்கள். சென்னைக் காவல்துறை நடத்தும் சிறார் மன்றங்களில் ஒன்று இந்தப் பகுதிக்கு வந்தால், கேரம் போர்டையும் பந்தையும் வாங்கித் தர எங்கள் சந்துக் குடும்பங்கள் பணம் சேர்க்கும். 2022 செப்டம்பரில் தொடங்கிய 'சிற்பி' திட்டத்தில் மாணவர்களோடு பழகிய காவலர்கள் உங்கள் துறையிலேயே இருக்கிறார்கள். ரோந்து வண்டிக்குப் பதில் அவர்களில் ஒருவரை அனுப்புங்கள்.

சமுதாயக் கூடத்தின் முதல் மாடி முகூர்த்தம் இல்லாத நாட்களில் பூட்டியே கிடக்கிறது. ஐந்து மேசை, இரண்டு மின்விசிறி, ஒரு குடிநீர்க் கேன் போதும். இரவு பதினோரு மணி வரை பிள்ளைகள் படிக்கத் திறந்து விடுங்கள். மார்ச்சில் பொதுத் தேர்வு வருகிறது. 2024 நவம்பரில் கொளத்தூரில் திறந்த, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க இடம் தரும் முதல்வர் படைப்பகம்போல் ஒன்று நம் வார்டுக்கும் வேண்டும் என்று கவுன்சிலரிடம் கொடுக்கும் மனுவில் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். கூடத்தைச் சமையல்காரருக்கு விடும்போது, பதினெட்டு வயது நிறையாத யாரையும் இரவில் வேலைக்குக் கொண்டுவரக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். சிறுவர்கள் ஓட்டும் பைக்குகளின் ஸ்டிக்கர் எண்ணைப் பார்த்து, உரிமையாளர்களுக்கு 199ஏ பிரிவைக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்புங்கள். முன் தெரு, பின் சந்து என்று பார்க்காமல் அனுப்புங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து பால் பூத்து வரையுள்ள விளக்குகளைச் சரிசெய்ய மாநகராட்சிக்கு நீங்கள் கொடுத்த புகார் எண்ணை எனக்கும் அனுப்புங்கள். புகாரே கொடுக்கவில்லை என்றால் இன்றே கொடுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி இனி எந்த முடிவெடுத்தாலும், வாடகைக் குடும்பங்களிலிருந்து இருவரும் பிள்ளைகளில் மூவரும் கூட்டத்தில் இருக்க வேண்டும். அந்த மூவரில் ஒருத்தியாவது பெண் பிள்ளையாக இருக்கட்டும்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் ஐந்து குடும்பங்களும் சேர்ந்து தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் மனுக் கொடுப்போம். மனு தயாராக இருக்கிறது. அதற்கு முன் பேச விரும்பினால் வருகிறோம். ஆனால் செயற்குழுவை ஞாயிறு காலை ஏழு மணிக்கு வைக்காதீர்கள். என் பணி எட்டு மணிக்குத்தான் முடியும், என் கணவர் மண்டிக் கணக்கை அடைத்துவிட்டு வர ஒன்பதரை ஆகும். பதினொரு மணிக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
பின் சந்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு தாய்